தளர்த்தும் அதிகாரம் யாருடையது?

பொதுக்கொள்கையின் நடைமுறைப்படுத்தலைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை, மேலிடத்தில் வகுக்கப்பட்ட ஒரு கொள்கை கீழ்நிலைகளுக்கு இறங்கி வரும்போது எந்த இடத்தில் சிதைகிறது என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. ஒரு விதி களத்தின் நிலைமைக்குப் பொருந்தாமல் போகும்போது அதைத் தளர்த்தும் அதிகாரம் எந்த நிலையில் இருக்கிறது, அந்த அதிகாரம் எத்தனை நாள்களுக்குள் செயல்படுகிறது, தளர்வினால் வரும் செலவு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்ற கேள்விகளுக்கு அந்த அளவு கவனம் கிடைப்பதில்லை. நிர்வாகத்தில் நீண்டகாலம் பணியாற்றியவர்கள் அறிந்திருப்பதைப்போல, விதியின் தரத்தைக் காட்டிலும் அதைத் தளர்த்துவதற்கான ஏற்பாட்டின் தரமே பல நேரங்களில் கொள்கையின் விளைவைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டின் உணவு நிர்வாகம் இதற்கு நல்ல சான்றாகும்.

வேளாண்மை மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. உணவுப்பொருள்களின் வழங்கலும் பகிர்வும் பொதுப்பட்டியலின் 33ஆம் பதிவில் அடங்குபவை. ஆகவே நெல் வயலில் இருக்கும்வரை மாநிலத்தின் பொறுப்பாகவும், சாக்கில் கட்டப்பட்டதும் இரு அரசுகளின் கூட்டுப் பொறுப்பாகவும் மாறிவிடுகிறது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தது என்பது இன்று பலரும் மறந்துபோன செய்தி. 2002 முதல் தமிழ்நாடு பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையைப் பின்பற்றுகிறது. இம்முறையில் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வழியாக ஒன்றிய அரசின் சார்பில் நெல்லை வாங்கி, அரைவை ஆலைகளுக்கு அனுப்பி, கிடைக்கும் அரிசியை மாநிலத்துக்குள்ளேயே பொது விநியோகத்துக்குக் கொடுக்கிறது. ஆகும் செலவை ஒன்றிய அரசு மானியமாக ஈடுசெய்கிறது. பணத்தை ஈடுசெய்பவர் தரத்தையும் நிர்ணயிப்பதால், எந்த நெல்லை வாங்கலாம் என்பதை நாடு முழுமைக்குமான ஒரே சீர்தர விவரக்குறிப்பு முடிவு செய்கிறது. அதன்படி நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

இந்த 17 விழுக்காடு பொருளற்ற எண் அன்று. ஈரம் மிகுந்த நெல் குவியலில் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அரைக்கும்போது குருணை கூடும். கிடங்கில் நெடுநாள் தாங்காது. ஆனால், அறுவடைக்குப் பின் நெல்லை உலர்த்தச் சில நாள் வெயில் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இந்த எண்ணுக்குள் பொதிந்திருக்கிறது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் அக்டோபர் அறுவடையின்போது தென்மேற்குப் பருவமழை விலகியிருக்கும் என்பதால் அந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் பலிக்கிறது. காவிரி டெல்டாவில் மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு நடப்படும் குறுவை நெல் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடைக்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கிவிடுகிறது. கதிரடித்துக் களத்தில் காயவைத்த காலத்தில் நெல் கொள்முதலுக்கு வருவதற்குள் ஓரளவு உலர்ந்துவிடும். இப்போது அறுவடை எந்திரம் ஒரே நாளில் வயலைக் காலி செய்து, ஈரம் குறையாத நெல்லை நேரே டிராக்டரில் கொட்டிவிடுகிறது. களங்கள் குறைந்துபோன ஊர்களில் தார்ச்சாலையின் ஓரமே உலர்களமாகிறது.

அறுவடையின்போதே மழை வந்துவிடும் ஆண்டுகளில் தளர்வு கோரும் நடைமுறை ஏறத்தாழ ஒரு சடங்காகவே நிகழ்கிறது. மழையில் நனைந்த நெல்லைப் பற்றி மாவட்ட நிர்வாகமும் வாணிபக் கழகத்தின் மண்டல மேலாளரும் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புகின்றனர். மாநில உணவுத் துறை ஒன்றிய உணவு மற்றும் பொது விநியோகத் துறைக்குக் கடிதம் எழுதுகிறது. ஒன்றியத் தரக்கட்டுப்பாட்டு அலுவலர்களின் குழுவொன்று டெல்டாவுக்கு வந்து, உணவுக் கழகத்தினரும் மாநில அலுவலர்களும் உடனிருக்க மாதிரிகளைச் சேகரித்து, ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை தருகிறது. அதன்மேல் ஆணை பிறக்கிறது. ஆணை சுற்றறிக்கையாக மாறிக் கொள்முதல் நிலையத்தை அடைகிறது. 2022 அக்டோபரில் மாநிலம் 22 விழுக்காடு வரை கேட்டபோது 19 விழுக்காடு வரை அனுமதி கிடைத்தது. எண்ணைப் பற்றிய வாதம் ஒவ்வோர் ஆண்டும் செய்தியாகிறது. அந்த எண் வந்துசேர எடுத்துக்கொள்ளும் காலத்தைப் பற்றி விவாதம் எழுவதே இல்லை. விதை உறக்கக் காலம் குறைந்த குறுகியகால நெல் ரகங்கள் நனைந்த சில நாள்களில் முளைவிடத் தொடங்கிவிடும். முளைத்த நெல், சேதமடைந்த மணிகளுக்கான 5 விழுக்காடு வரம்பின் கீழ் வருகிறது. ஆகவே ஈரப்பத விதியில் தளர்வுக்காகக் காத்திருக்கும் அதே குவியல், காத்திருந்த காரணத்தாலேயே வேறொரு விதியில் தோற்றுவிடுகிறது.

நடைமுறைப்படுத்தல் ஆய்வின் முன்னோடி நூலாகக் கருதப்படும் படைப்பை ஜெஃப்ரி பிரெஸ்மனும் ஏரன் வில்டாவ்ஸ்கியும் 1973இல் வெளியிட்டனர். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் வேலைவாய்ப்பைப் பெருக்க அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1966இல் தொடங்கிய திட்டம், அதைக் கொள்கையளவில் எதிர்ப்பவர் யாரும் இல்லாதபோதும் ஏன் தேங்கியது என்று ஆராய்ந்த அவர்கள், அத்திட்டம் 30 முடிவுக்கட்டங்களில் 70 ஒப்புதல்களைப் பெற வேண்டியிருந்ததைக் கணக்கிட்டுக் காட்டினர். ஒவ்வோர் ஒப்புதலும் கிடைப்பதற்கு 99 விழுக்காடு வாய்ப்பு இருந்தாலும் எழுபதும் கிடைப்பதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. டெல்டாவின் அனுபவத்தைக் கொண்டு பார்த்தால் இக்கணக்கு ஒன்றை விட்டுவிடுகிறது. ஒப்புதல் மறுக்கப்படுவதை மட்டுமே தோல்வியாகக் கொள்ளும் இக்கணக்கில், காலம் கடந்து வரும் ஒப்புதல் வெற்றியாகவே பதிவாகும். ஆனால் அழியக்கூடிய பொருளைக் கையாளும் நிர்வாகத்தில் அதுவும் ஒரு மறுப்பே.

தளர்வு ஆணைக்காகக் காத்திருக்கும் இடைக்காலத்தில் கொள்முதல் நிலையத்தின் பட்டியல் எழுத்தருடைய மேசையில் நிகழ்வதை அருகிருந்து காண வேண்டும். 40 கிலோ சிப்பமாகக் கட்டப்பட வேண்டிய நெல்லில் ஈரப்பதக் கருவியைச் செருகினால் 20 அல்லது 21 என்று காட்டுகிறது. நெல்லைத் திருப்பி அனுப்பினால் வானம் இருண்டிருக்கும் நேரத்தில் வரிசையில் நிற்கும் உழவர்களின் கோபத்தை அவர் எதிர்கொள்ள வேண்டும். 17 என்று எழுதி வாங்கினால், பின்னர் கிடங்கிலோ ஆலையிலோ எடைக்குறைவு தெரியும்போது அதற்கு அவரே பதில் சொல்ல வேண்டும். சிப்பத்துக்குக் கூடுதல் எடை பிடிக்கப்படுகிறது என்ற புகார் டெல்டாவில் பழையது. அதைத் தனிமனித ஒழுக்கக்கேடாக மட்டும் காண்பவர்கள், எதிர்பார்க்கப்படும் எடையிழப்பை யாரேனும் ஒருவர் தாங்கியாக வேண்டிய கட்டாயம் அந்த மேசைக்கு மேலிருந்து தள்ளப்பட்டது என்பதைக் கவனிப்பதில்லை. மக்களை நேரில் சந்திக்கும் அலுவலரின் அன்றாட முடிவுகளே நடைமுறையில் கொள்கையாகின்றன என்று மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் எழுதியதை நிர்வாகவியல் மாணவர் அனைவரும் படிக்கின்றனர். ஆனால் அந்த முடிவின் செலவையும் பல நேரங்களில் அவரோ அவர் எதிரில் நிற்பவரோ ஏற்க நேர்கிறது என்பது அதே அளவு அழுத்தத்துடன் கற்பிக்கப்படுவதில்லை.

அந்தச் செலவு கணக்கிட முடியாத ஒன்றன்று. 22 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 78 கிலோ. அதே உலர்பொருள் 17 விழுக்காடு ஈரத்தில் ஏறத்தாழ 94 கிலோ நெல்லாகவே இருக்கும். எனவே ஒரு குவிண்டாலுக்கு 6 கிலோ தண்ணீரை நெல்லின் விலைக்கு வாங்குவதாகிறது. 2025–26 பருவத்தில் சன்ன ரகத்துக்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,389 என்பதால் அந்த நீரின் விலை ஏறத்தாழ ரூ.144. ஈரப்பதம் 19 விழுக்காடாக இருந்தால் இது ரூ.58 அளவில் நிற்கும். தளர்வு ஆணை வரம்பை உயர்த்திவிட்டு இத்தொகையைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றால், அத்தொகை மறைந்துவிடுவதில்லை. ஆலை 100 கிலோ புழுங்கல் நெல்லுக்கு 68 கிலோ அரிசி திருப்பித் தர வேண்டும் என்ற விதி அப்படியே இருப்பதால், அது அரைவை முகவரின் கணக்கிலோ, வாணிபக் கழகத்தின் நட்டக் கணக்கிலோ, இறுதியில் நியாயவிலைக் கடையில் பழுப்பேறிய அரிசியாகவோ வெளிப்பட்டே தீரும். ஒன்றிய அரசு தளர்வு வழங்கத் தயங்குவதற்கும் இதுவே உண்மையான காரணம். மாநிலத்தில் அதை அரசியல் பாராமுகமாகவும், டெல்லியில் மாநிலத்தின் கோரிக்கையைக் கண்டிப்பின்மையாகவும் காணும் போக்கு இரண்டுமே, ரூ.144ஐ யார் தருவது என்ற நேரடிப் பேச்சைத் தவிர்க்க உதவுகின்றன.

இதே துறையின் மறுமுனையான பொது விநியோகத்தில் சட்டம் வேறுவகையாக எழுதப்பட்டிருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய தானியம் கிடைக்காத குடும்பத்துக்கு மாநில அரசு உணவுப் பாதுகாப்புப் படி வழங்க வேண்டும் என்று 8ஆம் பிரிவிலும், மத்தியத் தொகுப்பிலிருந்து வழங்கல் குறைந்தால் அந்தக் குறைவுக்கு ஈடான நிதியை ஒன்றிய அரசு தர வேண்டும் என்று 23ஆம் பிரிவிலும் கூறுகிறது. தவறு நேர்ந்தால் எந்த நிலை எதற்குப் பொறுப்பு என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதே இதன் சிறப்பு. ஆனால் பயனாளிகளை வரையறுப்பதில் இச்சட்டமும் இறுக்கமானது. தமிழ்நாட்டில் ஊரகத்தில் 62.55 விழுக்காட்டினரும் நகர்ப்புறத்தில் 37.79 விழுக்காட்டினரும் மட்டுமே இதற்குள் அடங்குவர். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு பார்த்தால் இது சுமார் 3.65 கோடிப் பேர். அனைவருக்குமான பொது விநியோகத்தை விட்டுக்கொடுக்க விரும்பாத மாநிலம், 2016 நவம்பர் 1 அன்றுதான் இச்சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. அப்போதும் முன்னுரிமைக் குடும்பம், முன்னுரிமையற்ற குடும்பம் என்ற பிரிவை அட்டையில் அச்சிட்டுவிட்டு, முன்னுரிமையற்ற அரிசி அட்டைக்கும் விலையில்லா அரிசியைத் தன் செலவிலேயே தொடர்ந்தது. ஒன்றியத்தின் விதி மீறப்படவில்லை. அதன் கூர்முனை மாநிலத்தின் கருவூலத்தில் மழுங்கியது. செலவை ஏற்கத் துணிந்த நிலையில் தளர்த்தும் அதிகாரமும் இருந்ததால், கடை விற்பனையாளரின் தலையில் அந்தச் சிக்கல் வந்து விழவில்லை.

நியாயவிலைக் கடையின் விரல்ரேகைச் சரிபார்ப்பில் அப்படி நிகழவில்லை. தேய்ந்த விரல்களை உடைய முதியவரின் ரேகையைக் கருவி ஏற்காதபோது மாற்றுவழிகள் உண்டு என்று சுற்றறிக்கைகள் சொல்லினும், அவற்றைப் பயன்படுத்தியதற்கான விளக்கத்தைத் தணிக்கையின்போது தர வேண்டியவர் விற்பனையாளர் என்பதால், அடுத்த நாள் வரச்சொல்வதே அவருக்குப் பாதுகாப்பானதாகிறது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்களை வீட்டுக்கே கொண்டுசெல்லும் முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டபின் இச்சுமையின் ஒரு பகுதி குறைய வழியுண்டு. ஆயினும் அதன் வயது வரம்பை எட்டாத கூலித் தொழிலாளியின் விரலுக்கு அத்திட்டத்தில் விடை இல்லை.

ரிச்சர்ட் எல்மோர் 1979இல் முன்வைத்த பின்னோக்கி வரைதல் என்னும் முறை, மேலிடத்தின் நோக்கத்தில் தொடங்காமல், சிக்கல் எழும் கடைசி இடத்தில் தொடங்கி, அங்கே தேவைப்படும் முடிவை எடுக்க எந்த நிலைக்கு என்ன அதிகாரமும் வளமும் வேண்டும் என்று படிப்படியாக மேல்நோக்கிச் செல்வது. கொள்முதலுக்கு இதைப் பொருத்தினால், பருவ ஆணையிலேயே தளர்வுக்கான படிநிலைகளை எழுதிவிட முடியும். 17 முதல் 19 விழுக்காடு வரை, குறுவட்ட அளவில் பதிவான மழையளவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியிருந்தால், மாவட்ட ஆட்சியர் அன்றன்றே கால வரையறையுடன் அனுமதிக்கலாம். அதற்குமேல் 22 வரை மாநில அரசு அனுமதித்து, மாதிரிகளைப் பின்னர் ஒன்றியக் குழு சோதிக்கலாம். அதையும் தாண்டினால் மட்டுமே இன்றுள்ளதுபோல் டெல்லியின் முன்னனுமதி வேண்டும். ஒவ்வொரு படிக்கும் எடையிழப்பின் ஈடு எவ்வளவு, அதில் ஒன்றியத்தின் பங்கு எவ்வளவு, மாநிலத்தின் பங்கு எவ்வளவு, அரைவை விகிதம் எவ்வளவு குறையும் என்பதும் அதே ஆணையில் இடம்பெற வேண்டும். ஈடு பற்றிய பத்தி இல்லாத தளர்வு அதிகாரத்தை மாநிலம் ஏற்காமல் இருப்பதே நல்லது.

கீழ்நிலைக்கு விருப்புரிமை கொடுத்தால் முறைகேடு பெருகும் என்ற மறுப்பு எழும். அந்த விருப்புரிமை இப்போதும் பட்டியல் எழுத்தரின் மேசையில் எழுதப்படாத வடிவில் செயல்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஈரப்பதப் பதிவேட்டில் 17 என்ற எண் தொடர்ந்து காணப்படும் நிலையத்தில் தணிக்கையாளர் எதைக் கண்டுபிடிக்க இயலும்? உண்மையான 20ஐ எழுத அனுமதிக்கும் விதியின் கீழ்தான், அருகிலுள்ள மழைமானியின் அளவோடு அதை ஒப்பிட்டு, மழையே பெய்யாத நாளில் தளர்வைப் பயன்படுத்திய நிலையத்தைத் தனித்தறிய முடியும். இதைவிட வலுவான மறுப்பு, உலர்த்தும் எந்திரங்களை நிறுவினால் தளர்வே தேவைப்படாது என்பது. நீண்டகால நோக்கில் அது சரியே. ஆனால் எந்திரத்தின் எரிபொருளும் ஒரு செலவுதான். அதுவும் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று யாரேனும் ஏற்க வேண்டியதுதான்.

2022 முதல் டெல்டாவில் கொள்முதல் பருவம் அக்டோபருக்குப் பதிலாகச் செப்டம்பர் 1 அன்றே தொடங்க ஒன்றிய அரசு இசைந்தது, உள்ளூர் நாட்காட்டியைத் தேசிய விதி ஏற்றுக்கொள்ள முடியும் என்பதற்குச் சான்று. படிநிலைத் தளர்வும் அதே தேதியில் நடைமுறைக்கு வரவேண்டுமாயின், மாநிலத்தின் முன்மொழிவு, முந்தைய பருவங்களின் நிலையவாரி ஈரப்பத அளவுகளோடும் மழைப் பதிவுகளோடும், மேட்டூர் திறக்கப்படும் ஜூன் மாதத்துக்குள் டெல்லியைச் சென்றடைய வேண்டும். அதற்கு மண்டல அலுவலகங்கள் திரட்ட வேண்டிய முதல் தரவு, கொள்முதலான நாளில் பதிவேட்டில் எழுதப்பட்ட ஈரப்பதத்துக்கும் கிடங்கில் இறங்கியபோது அளக்கப்பட்டதற்கும் உள்ள வேறுபாடு.