வால்வைப் பிடுங்கினா வியாதி போயிடுமா?

நம்மூர் மெக்கானிக் கடைகளில் ஒரு சர்வரோக நிவாரணி இருக்கு. வண்டி ஓவர்ஹீட் ஆகுதுன்னு சொன்னா போதும், தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டித் தூரப் போட்டுடுவாங்க. "இதெல்லாம் குளிர் நாட்டுக்குத்தான் சார், நம்ம வெயிலுக்கு எதுக்கு?" எங்க வீட்டுப் பழைய ஆம்னிக்கும் இதே வைத்தியம்தான் சொன்னாங்க. ஆம்னி தயாரிப்பு 2019லயே நின்னு போச்சு. இந்த வைத்தியம் மட்டும் நிக்கவே மாட்டேங்குது.

சுத்த உடான்ஸ் மக்களே! எஞ்சின் ஒழுங்கா வேலை செய்யணும்னா உள்ளே தண்ணி 80, 90 டிகிரியில் இருக்கணும். வேலூர் வெயில் 42 டிகிரியே ஆனாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். வால்வுக்குள்ள இருக்கிற மெழுகு சூட்டில் விரிஞ்சு ரேடியேட்டருக்கு வழி விடும், ஆறினா மூடும். அதைப் பிடுங்கினா ஹைவேயில் எஞ்சினுக்குச் சூடே ஏறாது. எம்.பி.எஃப்.ஐ வண்டின்னா, எஞ்சின் இன்னும் குளிர்ல இருக்குன்னு நினைச்சு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலா ஊத்தும். மைலேஜ் போச்சு. ஆயில் சரியா சூடாகாம கசடு சேரும். சில எஞ்சின்களில் பைபாஸ் வழியை மூடுறதும் இதே வால்வுதான். அதை எடுத்துட்டா கொஞ்சம் சுடுதண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம உள்ளேயே சுத்திட்டு இருக்கும். சூட்டைக் குறைக்கப் போய் சூட்டை ஏத்தின கதை!

இதைவிடப் பெரிய ஆபத்து, நோய் மறைஞ்சு போறது. பாதி அடைச்ச ரேடியேட்டர் ஊருக்குள்ள சமாளிச்சிடும். குடும்பத்தோட கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவு ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். அலுமினிய ஹெட் வளைஞ்சா லேத்துக்குப் போய் ஃபேஸிங், கேஸ்கெட்னு செலவு எகிறும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணு: எப்போ சூடாகுது?

1. டிராஃபிக்கில் மட்டும் ஏறி, ஓட ஆரம்பிச்சதும் இறங்குதா? முதல் சந்தேகம் ஃபேன், ரிலே, சுவிட்ச்.

2. ஊருக்குள்ள ஒழுங்கா இருந்து, வேகத்திலும் மலையிலும் ஏறுதா? ரேடியேட்டர் அடைப்பு. வருஷக்கணக்கா போர்த்தண்ணி ஊத்தினா உப்பு படியாம என்ன செய்யும்?

3. கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே முள் எகிறுது, ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸ் மட்டும் ஆறிக் கிடக்குதா? இப்போ வால்வைச் சந்தேகப்படுங்க. புதுசு மாட்டுங்க, காலியா விடாதீங்க.

4. ஒழுகலே இல்லாம தண்ணி குறையுதா? ஆறின வண்டியில் மூடியைத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. குமிழி நிக்காம வந்துட்டே இருந்தா ஹெட் கேஸ்கெட் மேல சந்தேகம்.

இன்னொண்ணு, மூடி. மலிவான உருப்படி, யாரும் மதிக்கிறதில்லை. சுமார் 0.9 பார் அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சு, தண்ணி கொதிக்கிற சூட்டை 118 டிகிரி பக்கம் கொண்டு போறதே அதுதான். அதனாலதான் சூடான வண்டியில் அதைத் திறந்தா கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறுற வரைக்கும் தொடாதீங்க. சூடா ஓடிட்டிருந்த வண்டியில் முள் திடீர்னு கீழே விழுந்தாலும் சந்தோஷப்படாதீங்க. தண்ணியே தீர்ந்து, சென்சார் காத்துல நிக்கலாம்.

மெக்கானிக்கை மட்டும் திட்டுறது நியாயமில்லை. சாயங்காலமே வண்டி வேணும், நூறு ரூபாய்க்கு மேல தரமாட்டேன்னு நிக்கிறது நாமதானே? வால்வு சிக்கி நடுவழியில் நின்னா, அதைக் கழட்டிட்டு ஊர் வந்து சேர்றதும் தப்பில்லை. ஆனா அது முதலுதவி. முதலுதவியையே வைத்தியம்னு வித்தா எப்படி? ரேடியேட்டர் ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போடுறதும் இதே கட்சிதான். சாம்பார் வைக்கலாம், எஞ்சின் ஓட்ட முடியாது :-)

அடுத்த தடவை யாராவது ஸ்பேனரைத் தூக்கிட்டு வந்தா, "எப்போ சூடாகுதுன்னு கேட்டீங்களா அண்ணே?"ன்னு கேளுங்க. அதைக் கேட்காதவர் கையில் சாவியைக் கொடுக்காதீங்க.