சதுரம் என்னும் சொல்லும் மரச்சீனி அச்சும்

ஆரம்பப் பள்ளிகளில் வடிவ கணிதம் பெரும்பாலும் பெயர்களின் பாடமாகவே தொடங்குகிறது. கரும்பலகையில் நான்கு உருவங்கள் வரையப்படுகின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர் எழுதப்படுகிறது. மாணவர் அப்பெயர்களை ஒப்பிக்கின்றனர். பெயர் தெரிந்துவிட்டால் உருவமும் தெரிந்துவிட்டதாக நாம் கருதிக்கொள்கிறோம். இக்கருத்து எத்துணை வலுவற்றது என்பதை, இரு மொழிகள் கலந்து வழங்கும் எல்லைப் பிரதேசங்களில் தெளிவாகக் காணலாம்.

1956 நவம்பர் 1-இல் இராஜ்யங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தன. அவற்றை அடுத்த நெய்யாற்றின்கரை தாலுக்கா கேரளத்தில் நின்றது. பாறசாலை, குன்னத்துகால் முதலிய ஊர்கள் அவ்வாறு எல்லைக் கிராமங்களாயின. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது. பேச்சை அவ்வாறு பிரிக்க இயலவில்லை. இங்குள்ள குழந்தை தமிழையும் மலையாளத்தையும் ஒரே தெருவில் கேட்டு வளர்கிறது.

இக்குழந்தைக்குச் ‘சதுரம்’ என்னும் சொல்லால் நேரும் இடர்ப்பாட்டை நோக்குவோம். தமிழ்ப் பாடநூலில் சதுரம் என்பது நான்கு பக்கமும் சமமான உருவம். நீளமும் அகலமும் வேறுபட்டால் அது செவ்வகம். மலையாளப் பாடநூலிலோ செவ்வகத்துக்கே சதுரம் என்று பெயர். தமிழின் சதுரம் அங்கே ‘சமசதுரம்’ எனப்படும். ஒலி ஒன்று, பொருள் இரண்டு. தமிழ் வழியில் பயிலும் குழந்தை சரியான விடையைச் சொல்ல, அடுத்த வகுப்பறையில் அதே விடை தவறாகிறது. பெயரையே அறிவாகக் கொண்டு கற்றவனுக்கு இம்முரணிலிருந்து மீள வழியில்லை. உருவத்தின் இயல்பைக் கையால் அறிந்தவனுக்கோ இது முரணே அன்று. ஒரு பொருளுக்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர், அவ்வளவே.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் சொல்லின் அருமையைக் குறைத்துப் பேசமாட்டான். எனினும், சொல்லுக்கு முன்னர்ப் பொருள் வரவேண்டும் என்பதே என் கருத்து. அவ்வாறு வருவதற்கு எளிய கருவியொன்று உண்டு. அது அச்சுக்கட்டை.

அச்சு நமக்குப் புதிதன்று. மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் தேக்குக் கட்டையில் உருவம் செதுக்கித் துணியில் அச்சிடும் தொழில் இன்றும் நடைபெறுகிறது. பழைய கெய்ரோவின் ஒரு பகுதியாகிய ஃபுஸ்டாட்டில் கிடைத்த அச்சுத் துணித் துண்டுகள் இடைக்காலத்தில் குஜராத்திலிருந்து சென்றவை. தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் வெளிவந்த இடம் கொல்லம். அதுவும் கேரள மண்ணே. அச்செழுத்தின் முகம் இடவலம் மாறியே இருக்கும். காகிதத்தில் நேராக விழ வேண்டியதைக் கட்டையில் மாற்றிச் செதுக்க வேண்டும். அச்சுத் தொழிலின் இந்த முதல் விதியே வடிவ கணிதத்தில் பிரதிபலிப்பு என்னும் பாடம்.

பள்ளிக்குத் தேக்கும் உளியும் வேண்டியதில்லை. இப்பகுதியின் தோட்டங்களில் கிடைக்கும் மரச்சீனிக் கிழங்கு போதும். பிற மாவட்டத்தினர் இதனை மரவள்ளி என்பர். எல்லையின் இருபுறத்தும் இதற்குப் பெயர் மரச்சீனியே. தோலை நீக்கி, ஆசிரியர் தம் கையாலேயே கத்தி கொண்டு, இரு முனைகளும் ஒரே வடிவமாக இருக்கும்படி சுமார் 4 சென்டிமீட்டர் உயரமுள்ள கட்டைகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். அரிசிக் கஞ்சியில் குழைத்த மஞ்சள், செங்காவி, கரித்தூள் ஆகியவை மையாகும். பல மடிப்பாக மடித்த ஈரத்துணியில் அதைத் தடவித் தட்டில் இட்டால் மைத்திண்டு ஆகிவிடும். பச்சை மரச்சீனியில் உடலுக்குத் தீங்கான சயனைடு தரும் பொருள் உண்டு. ஆதலின், குழந்தைகள் அதனைக் கடிக்காமல் பார்த்துக்கொள்வதும், பாடம் முடிந்தபின் கைகழுவச் செய்வதும், பயன்படுத்திய துண்டுகளைச் சமையலுக்கு அனுப்பாதிருப்பதும் அவசியம். நெடுநாள் உழைக்கவேண்டுமாயின், பழைய ரப்பர்ச் செருப்பின் அடிப்பகுதியை வெட்டி மரத்துண்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

முதற் பாடம்: கட்டையைத் திருப்புதல்

நான்கு பக்கமும் சமமான கட்டையின் ஒரு மூலையில் சிறு வெட்டுக்குறி இடுக. அக்கட்டையின் விளிம்பைப் பென்சிலால் காகிதத்தில் வரைந்து, அதனை அச்சின் ‘வீடு’ எனக் கொள்க. இனிக் குழந்தை கட்டையைத் திருப்பித் திருப்பி, எத்தனை விதமாக அவ்வீட்டில் பொருத்தி அச்சிடலாம் என்று காண வேண்டும். கால் சுற்றுக்கு ஒருமுறை அது பொருந்தும், மொத்தம் நான்கு. நீள அகலம் வேறுபட்ட கட்டை அரைச் சுற்றுக்கு ஒருமுறைதான் பொருந்தும்; மொத்தம் இரண்டு. மூன்று பக்கமும் சமமான முக்கோணம் மூன்று முறை பொருந்தும். பக்கங்கள் யாவும் வேறுபட்ட முக்கோணம் ஒரே ஒரு முறை. காரட்டைக் குறுக்கே வெட்டிய வட்டத்துக்கோ கணக்கே இல்லை. எப்படித் திருப்பினும் பொருந்தும்.

இப்போது அவ்வுருவங்களுக்கு ‘நாலு கட்டை’, ‘இரண்டு கட்டை’ என்று குழந்தைகளே பெயர் வைக்கட்டும். அதன் பின்னரே ஆசிரியர் அச்சின் கீழே நூற்பெயரை எழுதவேண்டும். எல்லைப் பள்ளியில் இரு மொழிப் பெயரையும் எழுதவேண்டும். அப்போது மற்றொரு நயமும் புலப்படும். நாலு கட்டை, இரண்டு கட்டை பொருந்தும் விதங்களிலெல்லாம் பொருந்தி, அதற்கு மேலும் பொருந்துகிறது. சதுரமும் ஒரு வகைச் செவ்வகமே என்ற உண்மையைத் தமிழ்ப் பெயர்கள் காட்டுவதில்லை. மலையாளத்தின் ‘சமசதுரம்’ அதனைத் தன் பெயரிலேயே கொண்டுள்ளது. இவ்வாறு இடர்ப்பாடாக இருந்த சொல்லே பாடத்துக்குத் துணையாகிவிடுகிறது.

ஹாலந்து தேசத்துக் கணித ஆசிரியர்களான வான் ஹீல தம்பதியர் 1957-இல் தம் ஆராய்ச்சியில் இதனை ஒட்டிய கருத்தொன்றை வெளியிட்டனர். குழந்தை முதலில் உருவத்தைத் தோற்றத்தால் மட்டுமே அறிகிறது. பின்னரே அதன் இயல்புகளைப் பிரித்துணர்கிறது. அதற்கும் பின்னரே ஒன்றுக்குள் மற்றொன்று அடங்குவதை உணர்கிறது என்பது அவர்கள் காட்டிய படிமுறை. சாய்த்து வைத்த சதுரத்தை ‘இது சதுரம் அல்ல, டைமன்’ என்று சொல்லும் குழந்தை முதற்படியில் நிற்கிறது. கையில் பிடித்த கட்டையைத் தானே சாய்த்து அச்சிட்ட குழந்தையிடம் இவ்வையம் எழுவது அரிது. கட்டை மாறவில்லை என்பதற்கு அதன் கையே சாட்சி.

இரண்டாம் பாடம்: ஒரு முக்கோணம், ஆறு உருவங்கள்

நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு இதனினும் வளமான பாடம் உண்டு. செங்கோணத்தை அடுத்த பக்கங்கள் 3, 4 சென்டிமீட்டராக அமைந்த முக்கோணக் கட்டையொன்றை வெட்டுக. அதன் மூன்றாம் பக்கம் 5 சென்டிமீட்டர் இருக்கும். இக்கட்டையின் ஒரு முனையில் அச்சிட்டால் ஓர் உருவமும், மறுமுனையில் அச்சிட்டால் அதன் கண்ணாடித் தோற்றமும் கிடைக்கும். ஒன்றை எவ்வளவு திருப்பினாலும் மற்றொன்றாகாது. இடக்கைச் செருப்பு வலக்காலுக்குப் பொருந்துமா என்று கேட்கும் முறையில் அல்லாது, திருப்புதல் வேறு, பிரதிபலித்தல் வேறு என்பதை இக்கட்டை தன் இரு முனைகளாலும் நேராகவே காட்டுகிறது.

இனி, இரண்டு அச்சுகளைப் பக்கத்தோடு பக்கம் முழுமையாக ஒட்டி வைக்கச் சொல்லுக. ஒரே முனையை இருமுறை பயன்படுத்தி, அரைச் சுற்றுத் திருப்பி வைத்தால், பெரிய பக்கத்தில் ஒட்டும்போது செவ்வகமும், மற்ற இரு பக்கங்களில் ஒட்டும்போது இரண்டு இணைகரங்களும் தோன்றும். இரு முனைகளையும் பயன்படுத்தினால், பெரிய பக்கத்தில் பட்டவடிவமும், மற்ற பக்கங்களில் இரண்டு இருசமபக்க முக்கோணங்களும் தோன்றும். ஆக மொத்தம் ஆறு.

ஆறும் இரண்டிரண்டு அச்சுகளால் ஆனவை. ஆதலின், ஆறின் பரப்பளவும் ஒன்றே: 12 சதுர சென்டிமீட்டர். சூத்திரம் எதையும் படிக்குமுன்பே குழந்தை இதனை அறிந்துவிடுகிறது. ஆனால் விளிம்பை நூல் வைத்து அளந்தால், செவ்வகத்துக்கும் பட்டத்துக்கும் 14 சென்டிமீட்டர், வேறு இரண்டுக்கு 16, மற்ற இரண்டுக்கு 18. பரப்பு மாறாமல் சுற்று மாறுவதைக் கண்முன் காட்டும் இவ்வச்சுத்தாள், மனப்பாடம் செய்த இரு சூத்திரங்களை ஒன்றோடொன்று குழப்பும் மாணவனுக்கு நல்ல மருந்தாகும். பரப்பளவு, சுற்றளவு என்னும் சொற்கள் இரண்டும் தமிழிலும் மலையாளத்திலும் ஏறக்குறைய ஒன்றே என்பது எல்லைப்புற ஆசிரியர்க்கு ஒரு மகிழ்ச்சி.

இடைவெளியின்றித் தாளை நிரப்பும் முயற்சியும் தக்கது. எந்த முக்கோணக் கட்டையும் தாளை நிரப்பும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஐந்து மூலை கொண்ட அழகிய அச்சு விழும். அதுவோ எப்படி அடுக்கினாலும் இடைவெளி விடும். ஒழுங்கான ஐங்கோணத்தின் கோணம் 108 பாகை. மூன்று சேர்ந்தால் 324. முழுச் சுற்றுக்கு 36 பாகை குறைகிறது. அழகு வேறு, பொருந்துதல் வேறு என்பதையும் வெண்டைக்காய் கற்பிக்கிறது.

ஆட்சேபங்கள்

கிழங்கு அச்சின் விளிம்பு நேராக இராது; கணிதத்துக்கு அது பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். உண்மையே. சாய்சதுரமும் செவ்வகத்தைப் போலவே இரண்டு முறை பொருந்தும். அதன் மறுமுனையும் மாறுபடாது. அவ்விரண்டையும் வேறுபடுத்த மூலைமட்டமும் அளவுகோலும் வேண்டும். அச்சு அளவுகோலுக்கு மாற்று அன்று. அளவுகோல் ஏன் வேண்டும் என்ற கேள்வியைக் குழந்தையின் உள்ளத்தில் எழுப்புவதே அதன் வேலை.

பாடநேரம் போதாது என்பது இரண்டாம் ஆட்சேபம். மேற்கூறிய இரு பாடங்களும் நான்கு பாடவேளைகளில் முடிந்துவிடும். பெயர்களை மீண்டும் மீண்டும் ஒப்பிக்கச் செய்வதில் ஆண்டுதோறும் கழியும் நேரம் இதனினும் மிகுதி.

என் கவலை இவ்விரண்டைப் பற்றியதன்று. 1937-இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வித் திட்டம் கைத்தொழில் வழியே பிற பாடங்களையும் கற்பிக்க விரும்பியது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கலையோடு இணைந்த கல்வியை வற்புறுத்துகிறது. கொள்கையில் குறையில்லை. நடைமுறையில், குழந்தைகளின் அச்சுத் தாள்கள் கைவேலை நேரத்தில் செய்யப்பட்டு, சுவரில் ஒட்டப்பட்டு, பார்வையாளர் வந்து பாராட்டிச் சென்றபின் கிழிக்கப்படுகின்றன. கணித வகுப்போ பழையபடி பெயர்களோடு நடக்கிறது. அவ்வாறாயின் கலையும் கணிதமும் ஒரே கட்டடத்தில் இருந்தன என்பதற்கு மேல் எதுவும் நிகழவில்லை.

ஆகவே, அச்சுத் தாள் கணித நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கவேண்டும். குழந்தை தவறாகத் திருப்பிய அச்சையும் நீக்காது வைத்திருக்கவேண்டும். அது எந்த இடத்தில் தடுமாறியது என்பதை ஆசிரியர்க்கு வேறெந்தத் தேர்வும் அத்துணைத் தெளிவாகக் காட்டாது. விஸ்தரிப்புப் பணியாளர்கள் விற்பனைக்கு உதவாத கிழங்குகளைப் பள்ளிகளுக்குச் சேர்ப்பிக்கலாம். எல்லைப்புறப் பள்ளிகளின் ஆசிரியர்கள், தமிழ் வழியினரும் மலையாள வழியினரும், ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை கூடி, ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள கணிதச் சொற்களைப் பட்டியலிட்டுக்கொள்ளலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவோ புதிய உத்தரவோ தேவையில்லை.

எல்லைக் கிராமத்துக் குழந்தை இரு மொழிகளில் வாழ்வது அதன் குறையன்று; செல்வம். அச்செல்வம் கணித வகுப்பில் அதற்குத் தண்டனையாக மாறாதிருக்க, முதலில் கட்டையைக் கையில் கொடுப்போம். பெயர் பின்னால் வரட்டும்.