கார் ‘ரீமேப்’: பவர் கூடும், பொறுப்பு யாருக்கு?

“லேப்டாப்பை மாட்டினா போதும், ஒரே மணி நேரத்துல பவர் எகிறிடும்” என்கிறார் ட்யூனர். பொய்யில்லை. ஆனால், பாதிக் கதைதான்.

எரிபொருள் எவ்வளவு, ஸ்பார்க் எப்போது, டர்போ அழுத்தம் எத்தனை என்பதையெல்லாம் முடிவு செய்வது இசியு என்ற சிறு கணினி. அதிலுள்ள அட்டவணைகளைத் திருத்துவதுதான் ரீமேப். டர்போ கார்களில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். டர்போ இல்லாத பெட்ரோல் காரில் சொற்பம்தான். இசியுவையே கழற்றிவிட்டு வேறு யூனிட் பொருத்துவது ரேஸ் காருக்குச் சரி. தினசரி காரில் கியர்பாக்ஸ், ஏபிஎஸ், மீட்டர் எல்லாம் பழைய இசியுவோடு பேசிப் பழகியவை.

சிக்கல் எங்கே? 100 ஆக்டேன் பெட்ரோலை நம்பி எழுதிய மேப்பில் சாதாரண பெட்ரோல் போட்டால், கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும். அதுதான் ‘நாக்கிங்’. தொடர்ந்தால் பிஸ்டனே போகலாம். வாரன்டியும் கைவிடலாம்.

அடுத்தது சட்டம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். யாருக்கு? உரிமையாளருக்கு, அதாவது உங்களுக்கு. காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டிருந்தால், விபத்துக்குப் பின் கிளெய்மிலும் தகராறு வரலாம்.

ட்ராக்கில் மட்டும் ஓட்டும் காரா? அப்போதும் மூன்று கேள்வி கேளுங்க: முன்னும் பின்னும் டைனோ அளவீடு தருவீங்களா? எந்தப் பெட்ரோலுக்கு எழுதின மேப்? ஒரிஜினல் ஃபைல் என் கைக்கு வருமா?

பதில் இழுத்தால், லேப்டாப்பை மாட்ட விடாதீங்க.