என்ன கன்று நட்டீர்கள், சொல்லுங்கள்

திருச்சி மாவட்டத்தில் மரம் நடும் விழாக்களுக்குப் பஞ்சமே இல்லை. குழி முன்கூட்டியே தோண்டியிருக்கும். வேனில் கன்றுகள் வந்து இறங்கும். பிரமுகர் ஒரு கைப்பிடி மண்ணைத் தள்ளி, பூவாளியைச் சாய்த்து, கேமராவைப் பார்ப்பார். மறுநாள் செய்தியில் எண்ணிக்கை வந்துவிடும்: ஐந்நூறு, ஆயிரம், ஐயாயிரம். அவை என்ன கன்றுகள், எந்தத் தாய்மரத்து விதையில் முளைத்தவை, அந்த மண்ணுக்கு உரியவைதானா, வருகிற சித்திரை வெயிலில் யார் தண்ணீர் ஊற்றப்போகிறார்கள் என்பதெல்லாம் அந்தச் செய்தியில் இருக்காது. மக்கள் பணத்தில் நடக்கும் ஒரு வேலையில் இவ்வளவு அடிப்படையான விவரம்கூட மக்களுக்குச் சொல்லப்படாமல் இருப்பதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வேறு ஊராக இருந்தால் விவரம் தெரியாமல் செய்கிறார்கள் என்று விட்டுவிடலாம். திருச்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. மலைக்கோட்டையின் நிழல் விழும் தூரத்தில், தூய வளனார் கல்லூரி வளாகத்தில், ராபினாட் உலர்தாவரச் சாலை இருக்கிறது. இயேசு சபைத் துறவியும் தாவரவியலாளருமான கே.எம். மேத்யூ 1967-இல் தொடங்கியது. தமிழகத்தின் நடுப்பகுதியை, அந்த வறண்ட சமவெளியையும் அதில் எழும் குன்றுகளையும், அவரும் மாணவர்களும் சல்லடையாகச் சலித்தார்கள். கண்ட செடியைப் பறித்து, அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி, இடத்தையும் நாளையும் எழுதி வைத்தார்கள். அந்த உழைப்பு 1981 முதல் 1988 வரை ‘தமிழ்நாடு கர்நாடிக் தாவரங்கள்’ என்ற பெருந்தொகுதிகளாக அச்சேறியது. நடுத் தமிழகத்துக்கென்று களத்துக்கு எடுத்துச்செல்லும் கையேடு ஒன்றையும் அவர் 1991-இல் வெளியிட்டார். 2004-இல் மறைந்தார்.

இந்த மண்ணில் என்ன வளர்ந்தது, எங்கே வளர்ந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சி வேண்டாம். ஆனால் அந்த நூல்கள் ஆங்கிலத்தில், தாவரவியல் மாணவர்களுக்காக எழுதப்பட்டவை. மாநகராட்சித் தோட்டப் பணியாளரோ, ஊராட்சிச் செயலரோ, பள்ளியின் பசுமைப் படை ஆசிரியரோ கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய மெல்லிய தமிழ்ப் புத்தகமாக அவற்றை மாற்றித் தருவது மாவட்ட நிர்வாகத்தின் வேலை. பல கல்லூரிகளும் ஒரு பல்கலைக்கழகமும் வேளாண் கல்லூரியும் இருக்கிற ஊரில் அதற்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மரம் என்றால் எல்லாம் மரம்தானே என்று கேட்பவர்கள், மாவட்டத்தை ஒருமுறை குறுக்காகக் கடந்து பார்க்கட்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கத்தின் கரைகள் நீர்மருது, நாவல், நீர்க்கடம்பு, மாவிலங்கம், புங்கம், பூவரசுக்கு உரிய இடம். வெள்ளம் வந்து வேரை அலசினாலும் கரையை விடாத மரங்கள் இவை. அங்கிருந்து மணப்பாறைப் பக்கமோ துறையூர்ப் பக்கமோ போனால் உலகமே வேறு. உசில், வெள்வேல், குடைவேல், கிளுவை, குருந்து, ஆவாரை; பாறை இடுக்கில் கள்ளிமுளையான்; மழை பெய்தால் மட்டும் தலைகாட்டும் கிழங்குச் செடிகள். இந்த இரண்டு நிலத்துக்கும் ஒரே வேனிலிருந்து ஒரே கன்றை இறக்குவது திட்டமாகாது. நர்சரியில் மிச்சம் கிடந்ததைத் தள்ளிவிடும் வேலை அது.

வருவாய்க் கணக்கில் இந்த இரண்டாவது நிலத்துக்கு ‘தரிசு’ என்று பெயர். தரிசு என்றதும் ஜேசிபி வருகிறது. முள்ளையும் புல்லையும் வழித்து எறிந்துவிட்டு அங்கே கன்று நடுகிறார்கள். இருந்த உயிர்களை அழித்துவிட்டுப் பசுமைக் கணக்கு எழுதுகிறார்கள்.

ஆடுதீண்டாப்பாளையை எடுத்துக்கொள்வோம். வயல் வரப்பிலும் சாலையோரக் கரிசலிலும் தரையோடு படரும் சிறு கொடி. கசப்பு தாங்காமல் ஆடுகூட வாய் வைக்காது. நாட்டு வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த மூலிகை. கறுப்புச் சிறகும் சிவந்த உடலுமாகப் பறக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சி, தன் முட்டையை இந்தக் குடும்பத்துச் செடிகளில்தான் இடும். புழு வேறு இலையைத் தின்னாது. இலையின் நஞ்சு புழுவின் உடலில் தங்கி, பறவைகளிடமிருந்து அதைக் காக்கிறது. ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், மேலணைக் காப்புக்காட்டில் 25 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015-இல் திறக்கப்பட்டது. நல்ல காரியம், வாரக் கடைசியில் குழந்தைகள் கூட்டம் அங்கே அலைமோதுகிறது. பூங்காவுக்கு உள்ளே புழுவுக்கு இரையாகும் செடிகளைத் தேடிப்பிடித்து வளர்க்கிறோம். வேலிக்கு வெளியே அதே செடிகளைக் களை என்று மருந்தடித்துக் கருக்குகிறோம். இந்த அபத்தம் எந்த அலுவலகக் கூட்டத்திலாவது பேசப்பட்டதா?

நோய் மேலிடத்திலிருந்தே தொடங்குகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வன, மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்துவோம் என்றது. நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் இந்திய வன நில அளவைத் துறையின் கணக்கில், ஒரு ஹெக்டேர் நிலத்தில் பத்து சதவீத மரக்கவிகை இருந்தால் போதும், அது வனப் பரப்பு. அது தைலமரத் தோப்பா, இலுப்பைத் தோப்பா என்று செயற்கைக்கோள் கேட்பதில்லை. சதவீதம் மட்டுமே இலக்கானால் வேகமாக வளரும் அயல்மரமே வெல்லும். நூறாண்டு நின்று நிழலும் கனியும் தந்து கரையும் காக்கும் இலுப்பைக்கு அந்தப் பந்தயத்தில் இடமே இல்லை. 40 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் திருச்சிக் கோடையில், வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் அறிவித்த அரசு, எந்த நிழல் எத்தனை ஆண்டு நிற்கும் என்றும் கணக்குப் பார்க்க வேண்டாமா?

மியாவாக்கி காடு என்ற பெயரில் நடக்கும் கூத்தையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி நெருக்கமாக நடச் சொன்னார், உண்மை. அதற்கு முன் அந்த இடத்தின் இயற்கைத் தாவரங்கள் எவை என்று ஆராய்ந்து, அவற்றை மட்டுமே நடச் சொன்னார். அதற்கு அவர் நம்பியது பழைய ஆலயங்களைச் சுற்றி எஞ்சியிருந்த தோப்புகளை. நாம் நெருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம், ஆராய்ச்சியை விட்டுவிட்டோம். கொய்யா, செம்பருத்தி, தேக்கு, மகோகனி என்று கிடைத்ததையெல்லாம் அடைத்து நிறுத்திவிட்டு, வாசலில் அவர் பெயரைப் பலகையில் எழுதுவது அந்த மனிதருக்குச் செய்யும் அவமரியாதை.

ஆலயத் தோப்பைத் தேடி நாம் ஜப்பானுக்குப் போகவும் வேண்டாம். திருவானைக்காவில் வெண்ணாவல். ஸ்ரீரங்கத்தில் சந்திரபுஷ்கரணிக் கரையில் புன்னை. திருப்பைஞ்ஞீலியில் ஞீலிவாழை. கரூர்ச் சாலையில் திருப்பராய்த்துறையில், இன்று பலர் கண்ணால்கூடப் பார்த்திராத பராய் மரம். அதன் உப்புத்தாள்போல் சொரசொரத்த இலையைக் கொண்டு மரச்சாமானை மெருகேற்றிய காலம் ஒன்று இருந்தது. தலமரம் என்ற பெயரில் ஒரு மாவட்டத்தின் அரிய தாவரங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஏற்பாடு இது. இன்று என்ன நிலை? பல ஊர்களில் தலமரம் என்பது சிமென்ட் மேடைக்குள் கழுத்துவரை இறுகி, மஞ்சள் கயிறும் மரத்தொட்டிலும் சுமந்து நிற்கும் ஒற்றை முதுமரம். அது விழுந்தால் அதன் வாரிசு எங்கே? கோயில் நிலங்களில் ஒரு லட்சம் தலமரக் கன்றுகள் நடப்படும் என்று அறநிலையத் துறை 2021-இல் அறிவித்தது. திருச்சி மாவட்டத்துக் கோயில்களில் எத்தனை பராய், எத்தனை வெண்ணாவல் இன்று உயிரோடு நிற்கின்றன என்பதைத் துறை வெளியிடட்டும்.

பிற்காலச் சேர்க்கைகளை அகற்றிப் பழைய வடிவை மீட்ட பணிக்காக 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதைப் பெற்றது ஸ்ரீரங்கம் கோயில். தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் வைத்துத் தொண்டு செய்ததாகப் போற்றப்படும் தலமும் அதுவே. கல்லுக்குக் காட்டிய அக்கறையைச் செடிக்கும் காட்டச் சொல்லி அந்தக் கோயிலிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கோனோகார்பஸ் கதை இன்னும் மோசம். சாலையின் நடுத்திட்டிலும் நிறுவன மதிலோரத்திலும் பச்சைச் சுவர்போல நிற்கும் அந்த அயல்மரத்தின் மகரந்தம் ஒவ்வாமையையும் மூச்சுத் தொல்லையையும் தருகிறது, வேர் சாக்கடையையும் குழாயையும் உடைக்கிறது என்று எச்சரிக்கைகள் பல ஆண்டுகளாக வந்தன. குஜராத் 2023-இல் தடை செய்தது. தமிழக அரசு 2025-இல்தான் தடை விதித்து, இருப்பவற்றை அகற்றி நாட்டு மரம் வைக்கச் சொன்னது. இத்தனை ஆண்டு அந்தக் கன்றுகளை வாங்கியது யார் பணம்? இனி அகற்றப்போவது யார் பணம்? வாங்கும்போதே ஒரு தாவரவியல் ஆசிரியரிடம் கேட்டிருந்தால் இந்த இரட்டைச் செலவு வந்திருக்காது. சீமைக் கருவேலம் கற்றுத் தந்த பாடத்துக்குப் பிறகும் இப்படி என்றால் இதை அறியாமை என்று சொல்ல மனம் வரவில்லை.

மக்கள் பக்கம் நம்பிக்கை இருக்கிறது. ஒகேனக்கல் முதல் பூம்புகார் வரை காவிரிக் கரையில் ஒரு கோடி பனைவிதை நடும் பணி 2024-இல் நடந்தபோது மாணவர்களும் தன்னார்வலர்களும் மூட்டை மூட்டையாக விதை சுமந்தார்கள். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் பனையோலைக் காதோலையும் கருகமணியும் ஆற்றில் விடும் ஊருக்குப் பனை அந்நியமில்லை. ஆனால் தன்னார்வலர்களிடமும் ஒன்றைக் கடிந்து சொல்கிறோம்: பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமலே குழியில் இறக்கிய கன்றுகளை நாமும் பார்த்திருக்கிறோம், வீசியதோடு மறந்த விதைப்பந்துகளையும் பார்த்திருக்கிறோம். வார்டுக்கு வார்டு இருசக்கர வண்டியில் கேன் கட்டித் தண்ணீர் ஊற்றும் இளைஞர்களின் உழைப்பு இப்படிப்பட்ட விழாக்களால் மலினப்படுகிறது. அந்த இளைஞர்களுக்கு வேண்டியது பாராட்டுச் சான்றிதழ் அல்ல. சரியான கன்றும், கோடைக்குத் தண்ணீர் லாரியும், மாட்டிடமிருந்து காக்க ஒரு கூண்டும்தான்.

எனவே கேட்கிறோம். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கும் மாவட்டப் பசுமைக் குழுவுக்கும் மாவட்ட ஆட்சியரே தலைவர். பொறுப்பைத் தள்ளிவிட வேறு நாற்காலி இல்லை. 2022 முதல் அரசுப் பணத்தில் நட்ட ஒவ்வொரு தொகுதிக் கன்றுக்கும் இனம், இடம், இன்று உயிரோடு இருப்பவை எத்தனை என்ற பட்டியலைத் தமிழில் வெளியிட வேண்டும். ஆற்றங்கரைக்கு ஒன்று, வறண்ட நிலத்துக்கு ஒன்று என்று இரண்டு தாவரப் பட்டியல்களை உள்ளூர்த் தாவரவியலாளர்களைக் கொண்டு எழுதி வாங்கி, அவற்றுக்கு வெளியே ஒரு கன்றும் அரசுச் செலவில் வாங்கக்கூடாது. மாநகராட்சியின் நாற்றங்காலில் உள்ளூர்த் தாய்மரங்களின் விதை முளைக்க வேண்டும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் இடத்தைச் சிமென்ட் இல்லாமல் விடச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு 2013-இலேயே உத்தரவிட்டது. தென்னூரிலும் தில்லைநகரிலும் பேவர் பிளாக் பதிப்பவர்கள் அதைப் பின்பற்ற எந்தத் தடையும் இல்லை. முள்காடும் வரப்பும் உயிருள்ள நிலம் என்று ஏற்று, அங்கே ஜேசிபியையும் களைக்கொல்லியையும் நிறுத்த வேண்டும்.

இவற்றில் பெரும்பகுதி புதிய கோரிக்கையும் இல்லை. சட்டம் ஏற்கெனவே சொன்னதுதான். 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அது ஊர்ப் பெரியவர்களிடமும் ஆடு மேய்ப்பவர்களிடமும் வைத்தியர்களிடமும் கேட்டு மக்கள் பல்லுயிர் பதிவேடு எழுத வேண்டும். 2020 ஜனவரிக்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் பத்து லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்த பிறகே நாடெங்கும் இந்த வேலை அவசர அவசரமாக நடந்தது. அதே சட்டத்தின்கீழ் மதுரை அரிட்டாபட்டி 2022-இலும், திண்டுக்கல் காசம்பட்டியின் கோயில்காடு 2025-இலும் பல்லுயிர் மரபுத் தலங்களாக அறிவிக்கப்பட்டன. காசம்பட்டி ஐந்து ஹெக்டேருக்கும் குறைவு. அந்த அளவுள்ள இடம் திருச்சி மாவட்டத்தில் ஒன்றுகூடவா இல்லை? பரிந்துரை எழுத உள்ளாட்சிகளுக்கு யார் கை கொடுக்கிறார்கள்?

திருச்சி மாநகராட்சியின் 65 வார்டுகளிலும், மாவட்டத்தின் எல்லா ஊராட்சிகளிலும் அந்தப் பதிவேடு தமிழில், யாரும் புரட்டிப் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். நவம்பர் 1, உள்ளாட்சி நாள். கிராமசபையும் பகுதி சபையும் கூடும். அன்று அதைச் சபையில் வைத்து உரக்கப் படிக்க வேண்டும். விடுபட்ட செடியை ஊரார் சொல்லச் சொல்லச் சேர்க்க வேண்டும். பதிவேடு இல்லாத ஊராட்சியும் வார்டும், ஏன் இல்லை, எந்தத் தேதிக்குள் எழுதி முடிப்போம் என்பதை அன்றைய தீர்மானப் புத்தகத்திலேயே பதிந்து, தலைவரும் செயலரும் கையெழுத்திட வேண்டும். அதன் நகல் ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.