விழுந்து விழுந்து நடக்கும் எந்திர நாய்!
பிள்ளைகள் கையில் ஒரு பெரிய பாடம்

சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் 2025-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந்தேதி ஓர் அதிசய ஓட்டப் பந்தயம் நடந்தது.

தூரம், 21 கிலோ மீட்டர். ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான மனிதர்கள் ஓடினார்கள். தடுப்புக்கு மறுபக்கம் 21 எந்திர மனிதர்கள் ஓடினார்கள்.

புறப்பட்ட இடத்திலேயே ஓர் எந்திர மனிதன் தொப்பென்று விழுந்தான். சில நிமிட நேரம் கிடந்துவிட்டு எழுந்தான். இன்னொன்று கொஞ்ச தூரம் ஓடி, கம்பித் தடுப்பில் மோதியது. கடைசிக் கோட்டைத் தொட்டவை ஆறே ஆறுதான்!

எந்திரங்களில் முதலில் வந்தது "தியான்கோங்" என்பதாகும். அதற்கு ஆன நேரம் 2 மணி 40 நிமிடம். வழியில் மூன்று முறை பாட்டரி மாற்றினார்கள். அதுவும் ஒரு முறை விழுந்தது. மனிதர்களில் முதலில் வந்தவரோ 1 மணி 2 நிமிடத்தில் ஓடி முடித்துவிட்டார்.

செஸ் விளையாட்டில் உலக வீரர் காஸ்பரோவை 1997-லேயே ஒரு கம்ப்யூட்டர் தோற்கடித்துவிட்டது. ஆனால் 28 ஆண்டுகள் கழித்தும், ஒரு வயதுக் குழந்தை பழகும் நடையை எந்திரத்தால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை.

ஏன்?

இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் தேவை இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாகங்களை வாங்கிப் பூட்டுகிறார்களே, நாலு கால் ரோபோ, அது போதும். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். உலக நாடுகளின் போட்டி முழுவதும் அதற்குள் அடங்கி இருக்கிறது!

பெட்டிக்குள் என்ன?

இந்தப் பாகங்கள் ஒரே பெட்டியில் சேர்ந்து வருகின்றன. கடைக்காரர்கள் இதை "கிட்" என்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் தனித் தனியாகவும் வாங்கலாம்.

பெட்டியைத் திறந்தால், மரப்பலகை அல்லது பிளாஸ்டிக்கில் வெட்டிய துண்டுகள் இருக்கும். கூடவே திருகாணிகள், கம்பிகள், பாட்டரி வைக்கும் கூடு. ஒரு சிறிய கம்ப்யூட்டர் பலகை. எட்டு மோட்டார்கள். ஒரு காலுக்கு இரண்டு. ஒன்று தொடைக்கு, மற்றொன்று முழங்காலுக்கு.

கம்ப்யூட்டர் பலகைகளில் பெயர் பெற்றது "ஆர்டுயினோ". 2005-ம் ஆண்டு இத்தாலியில் மாணவர்களுக்காகச் செய்யப்பட்டது. எலெக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களும் எளிதாகப் பழக வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

மோட்டாருக்கு "செர்வோ" என்று பெயர். எடை 9 கிராம். விலை சுமார் 100 முதல் 150 ரூபாய். இது மின்விசிறி மோட்டார் போலச் சுற்றிக்கொண்டே இருக்காது. "90 டிகிரியில் நில்" என்றால் அங்கே போய் நிற்கும். யாராவது தள்ளினால் எதிர்த்துத் தள்ளும்.

நிற்கும் இடம் அதற்கு எப்படித் தெரிகிறது?

ரேடியோவில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழைத் திருகுவோம் அல்லவா? அதைப் போன்ற உறுப்பு ஒன்று மோட்டாருக்குள் இருக்கிறது. எவ்வளவு திரும்பி இருக்கிறோம் என்பதை அது சொல்லிவிடும். கம்ப்யூட்டர் பலகை ஒரு நொடிக்கு 50 தடவை கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

குடமும் கையும்

ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்தால் பெண்கள் தெருக்கோடி வரை நடந்துவிடுவார்கள். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால்? ஒரு நிமிடம் தாங்காது! குடத்தின் எடை கூடவில்லை. தூரம்தான் கூடியது.

எந்திரக் காலுக்கும் இதே கதைதான்.

இந்தச் சிறிய மோட்டார் 1 சென்டி மீட்டர் தூரத்தில் 1.8 கிலோ வரை தூக்கும். காலின் நீளம் 5 சென்டி மீட்டர் என்றால், கால் நுனியில் அதன் பலம் 360 கிராம்தான். காலை நீளமாக வைத்தால் பெரிய அடியாக எடுத்து வைக்கலாம். ஆனால் பலம் குறையும். பலம் வேண்டும் என்று பெரிய மோட்டார் போட்டால் எடை கூடும். எடை கூடினால் பெரிய பாட்டரி வேண்டும். பாட்டரியின் எடையை யார் தூக்குவது? மறுபடியும் அந்தக் கால்தான்!

பெரிய கம்பெனிகளின் என்ஜினீயர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதும் இதே கணக்குக்காகத்தான்.

முக்காலியின் ரகசியம்

மோட்டார்களைப் பூட்டிவிட்டால் நாய் நடந்துவிடுமா? நடக்காது. ஒரு காலைத் தூக்கினால் அந்தப் பக்கமே சாய்ந்து விழும்.

மூன்று கால் உள்ள முக்காலி ஆடாமல் நிற்கிறது. அதன் நடுவில் உட்கார்ந்தால் ஆபத்து இல்லை. ஓரத்தில் உட்கார்ந்தால் கவிழ்த்துவிடும். நாலு கால் ரோபோ ஒரு காலைத் தூக்கும்போது முக்காலி ஆகிறது. அதன் உடல் பாரம் மற்ற மூன்று கால்களுக்கு நடுவே விழ வேண்டும். ஆகவே, முதலில் உடலைச் சாய்க்க வேண்டும். பிறகுதான் காலைத் தூக்க வேண்டும்.

மாடு மெதுவாக நடக்கும்போது கவனித்துப் பாருங்கள். கால்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைக்கும். எறும்புக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆறு கால்களில் மூன்றைத் தூக்கினாலும், மற்ற மூன்று தரையில் இருக்கும். எப்போதும் முக்காலிதான்! அதனால்தான் ஆறு கால் ரோபோவை நடக்க வைப்பது நாலு கால் ரோபோவைவிட எளிது. இரண்டு கால் ரோபோதான் எல்லாவற்றிலும் கடினம்.

பந்தயத்தில் எந்திர மனிதர்கள் விழுந்ததன் காரணம் இப்போது புரிகிறது அல்லவா? இரண்டு காலில் ஒன்றைத் தூக்கிவிட்டால் மீதி ஒரு கால்தான். ஓடும்போது சில சமயம் அதுவும் தரையில் இருக்காது!

மூன்று தவறுகள்

புதிதாகச் செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் மூன்று.

முதலாவது, அவசரம். மோட்டாரை நடு நிலைக்குக் கொண்டு வராமலே காலை மாட்டித் திருகாணியை முறுக்கிவிடுவார்கள். "நேராக நில்" என்றால் நாய் கோணலாக நிற்கும். எல்லாவற்றையும் கழற்றி, மறுபடியும் மாட்ட வேண்டியதுதான்.

இரண்டாவது, மின்சாரம். எட்டு மோட்டார்களுக்கும் கம்ப்யூட்டர் பலகையில் இருந்தே மின்சாரம் கொடுத்தால் போதாது. எல்லாம் ஒரே நேரத்தில் அசையும்போது மின்சாரம் தாழ்ந்து, பலகை அணைந்து, திரும்பவும் உயிர் பெறும். நாய் குளிர்க் காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கும். புரோகிராமில்தான் தப்பு என்று நினைத்துப் பிள்ளைகள் பல மணி நேரம் தேடுவார்கள். தப்பு இருப்பதோ பாட்டரியில்! மோட்டார்களுக்குத் தனி பாட்டரி வைத்தால் நடுக்கம் நின்றுவிடும்.

மூன்றாவது, தரை. வழவழப்பான தரையில் கால் வழுக்கும். நாய் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருக்கும்! பழைய சைக்கிள் டியூப்பில் சிறு துண்டு வெட்டிப் பாதத்தில் ஒட்டினால் பிடிப்பு வந்துவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. லித்தியம் பாட்டரியின் இரண்டு முனைகளும் கம்பியால் தொட்டுக்கொண்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அதற்கு உரிய சார்ஜரில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான் சார்ஜ் ஏற்ற வேண்டும்.

200 யுவானில் பிறந்த கம்பெனி

"இதெல்லாம் விளையாட்டுத்தானே? படிப்புக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சீனாவில் இருந்து ஒரு பதில்.

வாங் சிங்சிங் என்ற மாணவர், கல்லூரியில் முதல் ஆண்டு படித்தபோது சுமார் 200 யுவான் செலவில் ஒரு சிறிய இரண்டு கால் ரோபோவைச் செய்தார். அன்றைய கணக்கில் நம் பணம் ஏறத்தாழ 1,400 ரூபாய்தான். பிறகு ஷாங்காய் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு படித்தபோது மின் மோட்டாரால் நடக்கும் நாலு கால் எந்திரத்தைச் செய்தார். 2016-ல் ஹாங்சோ நகரில் "யூனிட்ரி" என்ற கம்பெனியைத் தொடங்கினார்.

2020-ல் அமெரிக்காவின் "பாஸ்டன் டைனமிக்ஸ்" கம்பெனி "ஸ்பாட்" என்ற எந்திர நாயைக் கடைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை 74,500 டாலர். 2023-ல் யூனிட்ரி விற்ற எந்திர நாயின் தொடக்க விலை 1,600 டாலர்! இரண்டும் ஒரே தரம் அல்ல. ஆனாலும் விலை இறங்கிய வேகம் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

2025 பிப்ரவரியில் சீன அதிபர் ஜி ஜின்பிங் பெரும் தொழில் அதிபர்களைக் கூப்பிட்டுப் பேசினார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் வாங் சிங்சிங்கும் ஒருவர்.

அமெரிக்கக் கதையும் இப்படித்தான். பாஸ்டன் டைனமிக்ஸ் கம்பெனியை 1992-ல் தொடங்கியவர் மார்க் ரெய்பர்ட். அதற்கு முன்பு, 1980-களில், அவர் செய்து பார்த்தது ஒற்றைக் கால் எந்திரம். நம் ஊர்ச் சிறுவர்கள் நொண்டி அடிப்பதைப் போல அது குதித்துக் குதித்து நகர்ந்தது. அந்தக் குதியில் கற்ற பாடம்தான் பின்னால் நாலு கால் எந்திரத்துக்கு உதவியது.

பெரிய எந்திரங்களும் விழுந்துதான் எழுந்திருக்கின்றன. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படைக்காகச் செய்த சுமை தூக்கும் எந்திரம் ஒன்று, அதிகச் சத்தம் போடுகிறது என்ற காரணத்தால் 2015-ல் கைவிடப்பட்டது. எதிரிக்குக் காது கேட்காதா, என்ன?

இந்தியா எங்கே?

இந்தியாவும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2025 ஜனவரி 15-ந்தேதி புனே நகரில் நடந்த ராணுவ தின அணிவகுப்பில் நாலு கால் எந்திரங்கள் வீரர்களோடு நடந்து வந்தன. அவற்றின் பெயர் "மியூல்". கோவேறு கழுதை என்று அர்த்தம்.

அதைவிட முக்கியமான விஷயம் பள்ளிக்கூடங்களில் நடக்கிறது. 2016-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் "அடல் டிங்கரிங்" ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்பட்டன. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி. 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உரியது. 10 ஆயிரம் பள்ளிகளில் இவை வந்துவிட்டன. ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50 ஆயிரம் அமைக்கப்படும் என்று 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்தார்கள்.

நல்ல திட்டம்தான். ஆனால், அறை கட்டியதாலும் பெட்டி வாங்கியதாலும் பாடம் வந்துவிடாது.

செர்வோ மோட்டாருக்குள் இருப்பவை பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். நாய் விழுந்தால் பல் உடையும். "இருப்புப் பதிவேட்டில் ஒரு மோட்டார் குறைந்தால் யார் பதில் சொல்வது?" என்று ஆசிரியர் பயந்தால் என்ன ஆகும்? பெட்டி அலமாரிக்குள் போய்விடும். சாவி அவர் பையில் இருக்கும். அதிகாரிகள் வரும் அன்று மட்டும் வெளியே வரும்!

ஆகவே, எட்டு மோட்டார் கொடுக்கும்போது கூடவே உபரியாக நாலு கொடுக்க வேண்டும். உடைந்ததை எழுதித் தள்ள ஆசிரியருக்கு உரிமை வேண்டும். பள்ளி விட்ட பிறகும் அறை திறந்திருக்க வேண்டும். ஆண் பிள்ளைகள் திருகாணி முறுக்க, பெண் பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கும் வழக்கம் கூடாது.

கண்காட்சியில் வைக்க முழுதாகச் செய்த எந்திர நாயையே வாங்கிவிடலாம். பொத்தானை அமுக்கினால் வாலாட்டும், கை கொடுக்கும். வருகிறவர்கள் கை தட்டுவார்கள். ஆனால் அந்த நாய் நின்றுபோனால் அதைத் திறந்து பார்க்க யாருக்கும் தெரியாது. பாகங்களாக வாங்கிப் பூட்டிய நாயோ, நாலு அடி நடந்து நாலு தடவை விழும். ஒவ்வொரு தடவையும் "ஏன் விழுந்தது?" என்று ஒரு பிள்ளை யோசிக்கும்.

அந்த யோசனையைக் கடையில் வாங்க முடியாது. எந்த நாட்டில் இருந்தும் இறக்குமதி செய்யவும் முடியாது.

குழந்தை நடை பழகும்போது விழுந்தால் தாய் அடிப்பதில்லை. தூக்கி நிறுத்தி, மறுபடியும் நடக்கவிடுகிறாள். 50 ஆயிரம் ஆய்வுக்கூடங்களுக்கும் தேவை அந்தத் தாயின் பொறுமைதான். அது இருந்தால் அங்கே மோட்டார்கள் உடையும், பிள்ளைகள் தேறுவார்கள். அது இல்லாவிட்டால் மோட்டார்கள் பத்திரமாக இருக்கும். அவ்வளவுதான்!