வாசற்படியும் அடுத்த வீட்டுக் கடுவன் நாயும்



இம்முறை வந்த கடிதங்களில் ஒன்றைப் படித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. இரண்டாம் பக்கத்தைப் புரட்டியபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

எழுதியிருப்பவர் மாளிகாவத்தைப் பக்கத்துச் சகோதரி. வீட்டு வாசல் நேரே ஒழுங்கைக்குத் திறக்கிறது, முற்றமுமில்லை, மதிலுமில்லை. அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பம் சென்ற வருடம் ஒரு கடுவன் நாய்க்குட்டியைக் கொண்டு வந்தது. குட்டியாக இருந்தவரை தொல்லையில்லை. இப்போது விடியலில் அவிழ்த்துவிட்டதும் நேரே இவர்கள் வாசலுக்கு வந்து, படி மூலையிலும் பூச்சாடியிலும் காலைத் தூக்கிவிட்டுப் போகிறது. மாமி மண்போட்டு ஏழு தடவை கழுவுகிறார். கழுவி முடித்து உள்ளே போனால் மீண்டும் வந்துவிடுகிறது. முழங்கால் வலியுள்ள மனுஷி. தண்ணீர் தெறித்திருக்குமோ என்று உடுப்பை மாற்றி மாற்றி, சில நாட்களில் ஸுப்ஹு கழாவாகிறது. கணவரின் தம்பியோ, இறைச்சித் துண்டில் மருந்து வைத்துவிடுகிறேன் என்று நிற்கிறாராம். "2020இல் ஒழுங்கையை மூடி வைத்திருந்த நாட்களில் எங்களுக்கு அரிசி, பருப்பு வாங்கித் தந்தவர்கள் அவர்கள்தான். எனக்கு இரவில் நித்திரையில்லை" என்று முடித்திருக்கிறார்.

தங்கச்சி, முதலில் அந்த மருந்துப் பேச்சை நிறுத்துங்கள். தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்த செய்தி புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தம்பிக்கு அது தெரியாமல் இராது. மிருகவதைத் தடைச் சட்டம் நமது நாட்டில் 1907ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது என்பதையும் சொல்லி வையுங்கள். நஞ்சு வைத்த இறைச்சியை ஒழுங்கையில் விளையாடும் பிள்ளையொன்று எடுத்தால் என்ன செய்வது? கொதிநீர் ஊற்றுவதும் இதே கணக்குத்தான்.

இனி, அந்த நாய் ஏன் உங்கள் படியையே தேடி வருகிறது? அதற்கு உங்கள் மேல் கோபமில்லை. கடுவன் நாய் ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் பருவத்துக்கு வரும்போது காலைத் தூக்கத் தொடங்கும். அடக்க முடியாமல் அது பெய்வதில்லை; சில துளிகள் விட்டு, 'நான் வந்து போனேன்' என்று மற்ற நாய்களுக்கு மணத்தால் எழுதி வைக்கிறது. நிமிர்ந்து நிற்கும் பொருள்கள்தான் அதற்குப் பிடிக்கும். தூண், சாடி, மோட்டார் சைக்கிள் டயர், குப்பைப் பை எல்லாம் அதற்கு ஒன்றுதான். அந்த மணத்தை முகர்ந்து அடுத்த நாயும் அதன்மேல் எழுதும். ஆகவே மணம் இருக்கும்வரை நாயும் வரும்.

மாமியின் கழுவல் இங்கேதான் பயன்படாமல் போகிறது. நமது ஷாபிஈ மத்ஹபில் நாயின் சிறுநீர் கடுமையான நஜிஸ். ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீர் என்பது சரியான சட்டமே. ஆனால் ஏழு வாளி என்று சட்டமில்லை. ஈரத்தைப் பழைய பத்திரிகைத் தாளால் ஒற்றி எடுத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தின் மேல் தண்ணீர் ஓடும்படி ஊற்றினால் ஒரு தடவை. ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். மண்ணை முதல் தடவையிலேயே கலந்துவிடுவது நல்லது, மீதி ஆறும் மண்ணையும் கொண்டு போய்விடும். பைப்பைத் திறந்து அடித்தால்தான் தெறிக்கும்; தாழ்வாகப் பிடித்து மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள்.

மாமிக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. தெருப் படி தொழும் இடமல்ல. நாய் வந்துபோன ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் அதைச் சுத்தமாக்கியாக வேண்டும் என்ற கடமை இல்லை. ஈரக் காலோடு அதில் மிதிக்காமல் வாசலுக்கென்று ஒரு சோடிச் செருப்பு வைத்தால் போதும். காய்ந்த இடத்தில் காய்ந்த கால் பட்டால் நஜிஸ் ஒட்டுவதில்லை. உடுப்பில் தெறித்ததைக் கண்டால் கழுவத்தான் வேண்டும். 'தெறித்திருக்குமோ' என்பதற்குக் கழுவலே இல்லை. நிச்சயமான சுத்தம் சந்தேகத்தால் நீங்காது என்பது பிக்ஹின் அடிப்படைகளில் ஒன்று. சுத்தத்துக்காகத் தொழுகையையே விட வைக்கிறது என்றால் அது பேணுதல் அல்ல, வஸ்வாஸ். நான் சொல்லி மாமி கேட்கமாட்டார் என்று தெரியும். பள்ளி இமாமிடமோ ஜம்இய்யத்துல் உலமாவின் பத்வாப் பிரிவிடமோ அவரே கேட்கட்டும். அவர் வாயால் கேட்டால்தான் மனம் ஆறும்.

சட்டப்படி கழுவியதும் மணம் போய்விடாது. சீமெந்து தண்ணீரைப் போல மூத்திரத்தையும் உறிஞ்சும். எனவே கழுவி முடித்தபின், வினாகிரியும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு அப்பச்சோடா தூவித் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். சில நாட்கள் தொடர்ந்து செய்யவேண்டும். அமோனியா உள்ள கழுவுநீர் வேண்டாம், அந்த மணம் மூத்திரத்தை ஒத்திருப்பதால் நாயை அழைத்துவிடும். குளோரினையும் வினாகிரியையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். பூச்சாடியை உள்ளே எடுங்கள். குப்பைப் பையை மாநகர சபை லொறி வரும் நேரத்தில் மட்டும் வெளியே வையுங்கள். நீலத் தண்ணீர்ப் போத்தலை வாசலில் வைக்கும் பழக்கம் இந்தியாவில் பல ஊர்களில் உண்டு. அதை நம்பிப் போத்தலை வீணாக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு விசர்நோய் வருமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது கடியாலும் எச்சிலாலும் வருவது, மூத்திரத்தால் அல்ல. ஆனால் எலிக்காய்ச்சல் கிருமி நாயின் மூத்திரத்திலும் இருக்கலாம். காலில் புண்ணுள்ள பிள்ளை வெறுங்காலோடு அங்கே நிற்கக் கூடாது. கழுவுகிறவர் கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

மீதி வேலை அடுத்த வீட்டில். நீங்களும் உங்கள் கணவரும் போங்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். 'உங்கள் நாய்' என்று தொடங்காமல் மாமியின் முழங்காலில் தொடங்குங்கள். தொழுகைக்கு இது ஏன் இடைஞ்சல் என்பதைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள். சொல்லாதவரை நாம் ஏன் மண்போட்டுக் கழுவுகிறோம் என்பது அவர்களுக்குப் புதிராகவும், கொஞ்சம் அவமானமாகவும் இருந்திருக்கும். காலையில் அவிழ்த்துவிடாமல், சங்கிலியில் பிடித்து வெளியே ஒரு சுற்றுக் கூட்டிப் போய்வரும்படி கேளுங்கள். ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்குக் கூட்டிப் போனால் நாய் பழகிவிடும். மிருக வைத்தியரிடம் காட்டி ஆண்மை நீக்கினால் பல நாய்களில் இந்தப் பழக்கம் குறையும், எல்லாவற்றிலும் நிற்காது. அது அவர்கள் நாய், அவர்கள் தீர்மானம். நீங்கள் அந்தப் பேச்சை எடுக்காமலிருப்பதே மேல். விசர்நோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று மட்டும் கேளுங்கள்.

வெறுங்கையோடு போகாதீர்கள். வட்டிலப்பம் அவித்தால் ஒரு கிண்ணம் எடுத்துப் போங்கள். மாமிக்கு ஸுப்ஹு நேரத்துக்குக் கிடைக்கிறதா என்று அடுத்த மாதம் எழுதுங்கள், தங்கச்சி.