மர்மக் கதை வாசித்தால் ஹராமா?

எங்கட ஊரில் இலக்கியக் கூட்டங்களுக்குப் போனால் ஒரு வசனம் கட்டாயம் காதில் விழும்: "அதெல்லாம் இலக்கியமே இல்லை." ராஜேஷ்குமார், ரமணிசந்திரன் என்று பெயர் சொன்னாலே சிலருக்கு முகம் கோணும்.

அவர்களிடம் நாங்கள் ஒன்று கேட்கிறோம். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறீர்களே, 1885இல் சித்திலெவ்வை எழுதிய 'அஸன்பேயுடைய கதை', அது எந்த வகை? எகிப்தில் குழந்தையைக் கடத்துகிறார்கள். அவன் பம்பாயில் வளர்கிறான், கல்கத்தா போகிறான், கடைசியில் பெற்றோரைக் கண்டுபிடிக்கிறான். அசல் சாகசக் கதை! அட்டையை மாற்றி பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கவிட்டால் நீங்களே பார்க்காமல் போவீர்கள்.

தரம் பார்க்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ரமணிசந்திரன் நாவலில் பெண்ணுக்குக் கல்யாணம்தான் முடிவு என்றால், அதைச் சண்டை பிடித்தே பேசுவோம். ஆனால் வாசித்துவிட்டுப் பேசுவோம். வகை வேறு, தரம் வேறு. மோசமான மர்மக் கதைகள் இருக்கின்றன. மோசமான யதார்த்தக் கதைகளும் தாராளமாக இருக்கின்றன. பின்னதுக்கு மட்டும்தான் வெளியீட்டு விழாவும் பொன்னாடையும்.

இதில் நட்டம் யாருக்கு? குசினி வேலை முடிந்த பிறகு நாலு பக்கம் புரட்டும் எங்கட ராத்தாமாருக்கு. "இதையெல்லாமா வாசிக்கிறாய்?" என்ற ஒரே கேள்வியில் கூசிப்போய்ப் புத்தகத்தை மூடுகிறவள், நாளைக்கு உங்கள் கவிதைத் தொகுதியை எடுக்கமாட்டாள். போனைத்தான் எடுப்பாள்.

நுஃமான் பிறந்த ஊரில் வாசகர் இல்லையே என்று அழுகிறீர்கள். அவர்களை விரட்டினது யார்?